கொழும்புக்கு மேல வந்த காமா கதிர் வெடிப்பு: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். உங்கட பத்திரிகையை எங்கட வீட்டில அப்பா காலத்தில இருந்து வாங்கிறம், அந்த உரிமையில எழுதுறன், கொஞ்சம் நீட்டாப் போனா பொறுத்துக்கொள்ளுங்கோ. இடம் காணாமல் வெட்டிறதெண்டாலும் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டாதேங்கோ, நான் கேக்க வாற விசயம் அங்கதான் இருக்கு.

வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில கீழ் மூலையில ஆறேழு வரியில ஒரு செய்தி போட்டிருந்தீங்கள். விண்வெளியில மர்ம வெடிப்பு, ஏழு மணித்தியாலம் நீடிச்சுது, விஞ்ஞானிகள் அதிர்ச்சி. அவ்வளவுதான். எங்க நடந்தது, எதால கண்டுபிடிச்சவை, எவ்வளவு தூரம், ஒண்டும் இல்ல. அதை ஆரோ படம் எடுத்து எங்கட வெள்ளவத்தை பிளாட் வட்ஸ்அப் குறூப்பில போட, இது பூமிக்கு வருமா, பிள்ளையளை வெளிய விளையாட விடலாமா எண்டெல்லாம் கேள்வி வரத் தொடங்கிற்று. கேட்ட ஆக்களில எனக்கு ஒரு குறையும் இல்ல, மர்மம் அதிர்ச்சி எண்டு மட்டும் வாசிச்சா ஆருக்கும் பயம்தான் வரும். நான் கொழும்பில ஒரு ஆஸ்பத்திரியில நியூக்ளியர் மெடிசின் ஸ்கேன் பிரிவில கன வருசம் வேலை செய்து ஓய்வு எடுத்தவன், காமா கதிரோடதான் என்ர சீவியம் போனது, அதால இந்த விசயத்தைச் சும்மா விட மனம் வரேல்ல.

முதல்ல அந்த ஏழு மணித்தியாலச் செய்தி. அதுக்குப் பேர் ஜிஆர்பி 250702பி. ஜிஆர்பி எண்டா காமா கதிர் வெடிப்பு, காமா கதிர் எண்டது எக்ஸ்றேயைவிடச் சக்தி கூடின, கண்ணுக்குத் தெரியாத கதிர். பின்னுக்கு இருக்கிற இலக்கம் திகதி, 2025 ஆம் ஆண்டு 7 ஆம் மாசம் 2 ஆம் திகதி. நாசாவின்ர ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கிதான் அதைப் பிடிச்சது, அதுவும் ஒரே நாளில திரும்பத் திரும்ப அலாரம் அடிச்சது, சாதாரணமா ஒரு வெடிப்பு ஒருக்கா வெடிச்சா முடிஞ்சுது, அந்த நட்சத்திரமே இல்லாமல் போயிடும், பிறகு எப்பிடி அதே இடத்தில இருந்து திரும்ப வரும்? அதுதான் எல்லாரையும் யோசிக்க வைச்சது. சீனாவின்ர ஐன்ஸ்டைன் புரோப் சற்றலைட் அதே இடத்தில முதல் நாளே எக்ஸ்றே வெளிச்சம் வந்திருந்ததைக் காட்டினது. தூரம் கிட்டத்தட்ட 800 கோடி ஒளியாண்டு, ஒளி ஒரு வருசத்தில போற தூரம்தான் ஒரு ஒளியாண்டு. இதுவரைக்கும் பதிவானதில ஆகக் கூட நேரம் நீடிச்ச வெடிப்பு இதுதான். என்ன நடந்தது எண்டு இன்னும் வாக்குவாதம் போகுது, ஒரு நட்சத்திரத்தைக் கருந்துளை ஒண்டு கிழிச்சுத் தின்டிருக்கலாம் எண்டு சில பேர், வேற விதமாச் சில பேர். இதில மறைக்கிறதுக்கு ஒண்டும் இல்ல, ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கு எண்டு எழுதலாம், மர்மம் எண்டு போட்டு விடுறதைவிட அது எவ்வளவோ மேல்.

இனிச் சாதாரண வெடிப்புகளைப் பாப்பம். இரண்டு வகை எண்டு 1993 இல இருந்து சொல்லுகினம், 2 செக்கனுக்குக் குறைஞ்சது குறுகினது, அதுக்கு மேற்பட்டது நெடியது. நெடிய வெடிப்பு பெரும்பாலும் ஒரு பெரிய நட்சத்திரத்தின்ர சாவு. எங்கட சூரியனைவிடப் பல மடங்கு பாரமான நட்சத்திரம் ஒண்டு உள்ளுக்கு எரிபொருள் முடிஞ்சு நடுப்பகுதி இடிஞ்சு விழ, அந்த இடத்தில கருந்துளை பிறக்குது, சுத்திக்கொண்டு உள்ள விழுற பொருளில ஒரு பங்கு இரண்டு பக்கத்தாலயும் ஒளியின்ர வேகத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான வேகத்தில தாரையாச் சீறி, நட்சத்திரத்தைத் துளைச்சுக்கொண்டு வெளிய வருது. அந்தத் தாரை எங்கட பக்கம் பாத்து இருந்தால்தான் நாங்க வெடிப்பைக் காணுவம், வேற பக்கம் பாத்தா எங்களுக்குத் தெரியவே தெரியாது. சில செக்கனில வெளிய வாற சக்தி, எங்கட சூரியன் தன்ர ஆயுள் முழுக்க, ஆயிரம் கோடி வருசத்தில, குடுக்கிற சக்தி அளவுக்கு வரும்.

நெடியது எண்டாலே நட்சத்திரச் சாவுதான் எண்டும் அடிச்சுச் சொல்லேலாது. 2021 டிசம்பர் 11 இல வந்த ஒண்டு 50 செக்கன் மட்டில நீடிச்சது, ஆனா பிறகு ஆராய்ஞ்சு பாக்க அது இரண்டு நியூட்ரோன் நட்சத்திரம், அதாவது செத்த நட்சத்திரத்தின்ர நெருங்கிச் சுருங்கின மிச்சம், மோதினது மாதிரித் தெரிஞ்சது. 2023 மார்ச் 7 இல வந்ததிலயும் அப்பிடித்தான், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அங்க ரெலூரியம் எண்ட பாரமான மூலகத்தைக் கண்டது. தங்கமும் இப்பிடியான மோதல்களில உருவாகுது எண்டுதான் நம்புகினம். எங்கட செட்டியார் தெருவில தட்டில வைச்சு நிறுக்கிற தங்கம் ஒரு காலத்தில எங்கயோ இரண்டு செத்த நட்சத்திரம் மோதேக்க பிறந்ததா இருக்கலாம், இதை விடச் சுவாரசியமான செய்தி உங்கட பக்கத்தில வேற என்ன இருக்கு சொல்லுங்கோ.

இப்ப கொழும்புக்கு வாறன். 2022 ஒக்ரோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. அண்டைக்குப் போயா, மீலாதுன் நபியும் அதே நாள்தான். பின்னேரம் 6 மணி 47 நிமிசம். பொழுது பட்டு இருட்டு விழுந்திட்டுது, கிழக்கில போயா நிலா ஏறிக்கொண்டிருந்தது. அந்த நிமிசம்தான் மனுசன் கருவி வைச்சுப் பதிவு செய்த வெடிப்புகளில ஆகப் பிரகாசமானது பூமியில வந்து பட்டது, ஜிஆர்பி 221009ஏ. சஜிற்றா எண்ட சின்ன அம்பு வடிவ நட்சத்திரக் கூட்டத்தின்ர திசையில இருந்து. நான் பிறகு நேரத்தையும் இடத்தையும் வைச்சுக் கணக்குப் பாத்தன், அந்த நேரம் அந்த இடம் கொழும்புக்குக் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேல, உச்சியில இருந்து 15, 16 பாகை மட்டும் வடமேற்காச் சரிஞ்சு. காலிமுகத்திடலில அண்டைக்குப் பட்டம் விட்டுக்கொண்டு நிண்ட பிள்ளையள், இஸ்ஸோ வடை வாங்கக் கியூவில நிண்ட சனம், எல்லாற்ற தலைக்கு மேலாலயும் அது வந்தது. ஒருத்தருக்கும் தெரியாது. இந்த மூண்டு வருசத்தில எங்கட ஒரு தமிழ்ப் பத்திரிகையிலயும் இதை நான் காணேல்ல, அதுதான் எனக்கு உண்மையான கவலை.

190 கோடி வருசம் பயணம் செய்து வந்த வெளிச்சம் அது. புறப்படேக்க பூமியில கண்ணுக்குத் தெரியிற ஒரு மிருகம்கூட இல்ல. முதல்ல ஒரு சின்னத் துடிப்பு, பிறகு மூண்டு நாலு நிமிசம் கழிச்சுப் பெரிய அடி. அது பட்ட நேரம் பூமியின்ர மேல் வளிமண்டலத்தில இருக்கிற அயன மண்டலமே, அதாவது மின்னேற்றம் உள்ள படையே, குழம்பிப் போச்சு, 500 கிலோமீற்றர் உயரத்தில பறந்த சீன இத்தாலிய சற்றலைட் ஒண்டு அந்தக் குழப்பத்தை அளந்திருக்கு, இந்தியாவில மின்னல் கண்டுபிடிக்க வைச்சிருக்கிற கருவியள்கூட அதை உணர்ந்தது எண்டு ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2023 இல சொன்னது. இவ்வளவு நடந்தும் ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்ல, ஏனெண்டா எங்கட வளிமண்டலம் காமா கதிரைக் கீழ விடாது. இப்பிடி ஒண்டு பத்தாயிரம் வருசத்துக்கு ஒருக்காத்தான் வருமாம். எங்கட பிளாட் குறூப்பில பயந்த ஆக்களுக்கு நான் குடுத்த பதில் இதுதான், ஆகப் பெரியது எங்கட தலைக்கு மேலால போயிற்று, நாங்க சுகமா இருக்கிறம்.

வளிமண்டலம் மறிக்கிறதாலதான் இதைப் பிடிக்க விண்வெளிக்குப் போக வேணும். சிவனொளிபாதமலை உச்சியில எவ்வளவு பெரிய கருவி வைச்சாலும் அந்தக் கதிர் நேரா வந்து சேராது.

எப்பிடிப் பிடிக்கினம் எண்டது எனக்கு மிச்சம் பிடிச்ச பகுதி, ஏனெண்டா அது நான் கை வைச்சு வேலை செய்த சாமான். எங்கட ஸ்கேன் பிரிவில காமா கமெரா எண்டு ஒண்டு இருக்கும், நோயாளிக்கு ரெக்னீசியம் எண்ட மருந்து ஏத்தி, உடம்புக்குள்ள இருந்து வாற காமா கதிரை அந்தக் கமெரா பிடிக்கும். உள்ளுக்கு இருக்கிறது சோடியம் அயடைட் பளிங்கு. காமா கதிர் வந்து பட்டா பளிங்குக்குள்ள ஒரு சின்ன வெளிச்சம் மின்னும், கண்ணுக்குத் தெரியாது, பின்னுக்கு இருக்கிற குழாய் அந்த வெளிச்சத்தை இலத்திரனா மாத்தி, பெருக்கி, ஒரு மின் துடிப்பாத் தரும். ஏஎல் பௌதிகவியலில படிக்கிற ஒளிமின் விளைவுதான், வேற மந்திரம் ஒண்டும் இல்ல. 2008 ஜூன் 11 இல ஏவின ஃபெர்மியில இருக்கிற வெடிப்பு மொனிற்றரில 12 சோடியம் அயடைட் பளிங்கு, 2 பிஸ்மத் ஜேர்மனேற் பளிங்கு. அதே சோடியம் அயடைட்! ரெக்னீசியத்தில இருந்து வாற கதிரின்ர சக்தி 140 கிலோ இலத்திரன்வோல்ற்று, ஃபெர்மி வெடிப்புத் தேடுற எல்லைக்குள்ளயே அது வருது. தைரொயிட் ஸ்கேனுக்கு வந்து படுத்த ஆயிரக்கணக்கான கொழும்புச் சனம் காமா தொலைநோக்கியின்ர அடிப்படையை ஒரு சாண் தூரத்தில பாத்திருக்கினம், ஒருத்தரும் அவைக்கு அதைச் சொல்லேல்ல.

அந்த 12 பளிங்கும் 12 திசை பாக்கும். ஒரு வெடிப்பு வரேக்க நேரா பாக்கிற பளிங்கில கூட எண்ணிக்கை, சரிஞ்சு நிக்கிறதில குறைவு, அந்த வித்தியாசத்தை வைச்சு வானத்தில எந்தப் பக்கம் எண்டு கொம்பியூட்டர் மட்டுக்கட்டும். எண்ணிக்கை திடீரெண்டு வழமையைவிடக் கூடினா அலாரம். வருசத்துக்கு 240 மட்டில பிடிக்குது. ஆனா மட்டுக்கட்டிற இடம் பரந்தது, பெரிய தொலைநோக்கியைத் திருப்ப அது காணாது.

அங்கதான் ஸ்விஃப்ட் எண்ட நாசாவின்ர மற்ற விண்வெளித் தொலைநோக்கி வருது. 2004 நவம்பர் 20 இல ஏவினது. அதின்ர முன்னுக்கு ஒரு பெரிய தட்டில 52,000 மட்டில ஈயத் துண்டுகளை ஒழுங்கில்லாமல் பரப்பி வைச்சிருக்கினம், கீழ 32,768 சின்னச் சின்ன உணரியள். காமா கதிர் வரேக்க ஈயத்தின்ர நிழல் கீழ விழும், கிடுகு வேலிக்குள்ளால விழுற வெயிற் புள்ளியளைப் பாத்து வெயில் எந்தப் பக்கத்தால வருது எண்டு சொல்லுறம் இல்லையா, அதே கணக்குத்தான். நிழலைப் பாத்துத் திசையைக் கணிச்ச உடன ஸ்விஃப்ட் ஆரையும் கேக்காமல் தானே திரும்பும், ஒண்டு ஒண்டரை நிமிசத்துக்குள்ள தன்ர எக்ஸ்றே தொலைநோக்கியை அங்க நீட்டிப் பிடிச்சிடும். வெடிப்பு முடிஞ்சாலும் தாரை போய்ச் சுத்தவர இருக்கிற வாயுவில மோதி எக்ஸ்றேயாயும் வெளிச்சமாயும் றேடியோவாயும் நாள் கணக்கில மங்கி மங்கி ஒளிரும், அந்தப் பின்னொளியைப் பிடிச்சாத்தான் தூரம் தெரியும். ஸ்விஃப்ட் அனுப்பிற இடக் குறிப்பு உடனடியா உலகம் முழுக்கப் போகுது, ஆரும் காசில்லாமல் வாங்கலாம், சின்னத் தொலைநோக்கி வைச்சிருக்கிற ஆக்களும் பாத்து அறிக்கை எழுதலாம்.

2022 இல நடந்ததைக் கேளுங்கோ. எங்கட நேரம் 6.47 க்கு ஃபெர்மி பிடிக்கேக்க ஸ்விஃப்ட்டுக்கு அந்த இடம் பூமிக்குப் பின்னால மறைஞ்சிருந்தது. 7.40 மட்டில ஸ்விஃப்ட் அங்கால வந்து பின்னொளியைக் கண்டது, அது அவ்வளவு பிரகாசமா இருந்தபடியா, அந்தத் திசை பால்வீதிப் பக்கமாயும் இருந்தபடியா, முதல்ல அதை எங்கட பால்வீதிக்குள்ள ஏதோ நடக்குது எண்டுதான் நினைச்சினம். பிறகுதான் இரண்டையும் பொருத்திப் பாத்து ஆகா எண்டு எழும்பினவை. ஃபெர்மியின்ர பளிங்குகள் அண்டைக்கு நிரம்பி வழிஞ்சு போச்சு, உச்சத்தை எண்ண ஏலாமல் போச்சு. இந்த இடத்தை நினைவில வைச்சிருங்கோ, திரும்ப வருவன்.

வரலாறு சுருக்கமாச் சொல்லிவிடுறன். 1963 இல அணுகுண்டுப் பரீட்சைத் தடை ஒப்பந்தம் வந்த பிறகு, ஆரும் களவா விண்வெளியில குண்டு வெடிக்கினமா எண்டு பாக்க அமெரிக்கா விட்டது வேலா சற்றலைட்டுகள். 1967 ஜூலை 2 இல அதில ஒரு துடிப்பு வந்தது, குண்டு மாதிரி இல்ல, சூரியனில இருந்தும் இல்ல. 1973 இல தான் அமெரிக்காவின்ர லொஸ் அலமோஸ் ஆய்வுகூட ஆக்கள் 16 வெடிப்புகளைப் பற்றி வெளிய எழுதினவை. பிறகு 1991 இல விண்வெளிக்குப் போன நாசாவின்ர கொம்ப்ரன் ஆய்வுகூடம் 9 வருசத்தில 2,704 வெடிப்பு எண்ணி, வானத்தில எல்லாப் பக்கமும் சமமா வருது எண்டு காட்டினது, 1997 இல இத்தாலி ஒல்லாந்து சேர்ந்து விட்ட பெப்போசக்ஸ் சற்றலைட் முதல் பின்னொளியைப் பிடிக்க, இதெல்லாம் எங்கட பால்வீதிக்கு வெளிய வெகு தூரத்தில நடக்குது எண்டு உறுதியாச்சு. முதல் துடிப்பு ஜூலை 2, அந்த ஏழு மணித்தியால வெடிப்பும் ஜூலை 2, இடையில 58 வருசம்.

கொழும்போட இன்னொரு தொடர்பும் இருக்கு. விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி கிளார்க் 1956 இல இருந்து இலங்கையில சீவிச்சு 2008 மார்ச் 19 அதிகாலை கொழும்பில காலமானவர், கனத்தை மயானத்தில அடக்கம். அண்டைக்கே, அவர் கண் மூடிப் பத்து மணித்தியாலம் மட்டில, எங்கட நேரம் முற்பகல் 11.42 க்கு ஸ்விஃப்ட் ஒரு வெடிப்பைப் பிடிச்சது, ஜிஆர்பி 080319பி. 750 கோடி ஒளியாண்டு தூரம், ஆனா அதின்ர வெளிச்சம் அரை நிமிசம் மட்டில வெறும் கண்ணுக்கே தெரியிற அளவுக்கு வந்தது, சிலியில இருந்த கமெராக்கள் அதைப் படம் பிடிச்சிருக்கு. மனுசன் வெறும் கண்ணால பாத்திருக்கக் கூடிய ஆகத் தூரமான பொருள் எண்டு அப்ப சொன்னவை. அதுக்குக் கிளார்க்கின்ர பேரை வைக்க வேணும் எண்டும் வெளிநாட்டில கேட்டவை. இங்க எங்களுக்கு அது பகல் நேரம், கண்டிருக்க ஏலாது. ஆனா கொழும்பில ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்காவது இந்தக் கதை தெரியுமா?

இனி நான் கேக்க வந்த விசயம்.

2022 இல ஃபெர்மி நிரம்பி வழிஞ்சது எண்டு சொன்னனே, அந்த வெடிப்பின்ர உச்சத்தை நிரம்பாமல் அளந்த கருவியளில ஒண்டு ஜிஆர்பி அல்ஃபா எண்ட சின்னச் சற்றலைட். ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக் ஆக்கள் சேர்ந்து செய்து 2021 மார்ச்சில விட்டது. அளவு எவ்வளவு தெரியுமா, ஒரு பக்கம் 10 சென்ரிமீற்றர், ஒரு சின்னப் பெட்டி. உள்ளுக்கு இருக்கிற பளிங்கு 7.5 சென்ரிமீற்றர் சதுரம், 5 மில்லிமீற்றர் தடிப்பு, சீசியம் அயடைட். அவ்வளவுதான். அந்தச் சின்னச் சாமான் கன வெடிப்புகளைப் பிடிச்சது. அயர்லாந்து தன்ர முதலாவது சற்றலைட்டை 2023 டிசம்பர் 1 இல விட்டது, பேர் அயர்சற் 1, டப்ளினில யூனிவர்சிற்றிப் பிள்ளையள் செய்தது, அதுக்குள்ள அவை வைச்சது காமா உணரி, அதுவும் வெடிப்புகளைப் பிடிச்சது.

எங்களிட்ட என்ன இருக்கு எண்டு பாருங்கோ. 2019 இல ராவணா 1 போனது, ஜூன் 17 இல சர்வதேச விண்வெளி நிலையத்தில இருந்து விட்டவை. ஆர்தர் சி கிளார்க் நிறுவனத்து எஞ்சினியர்மார் இரண்டு பேர் ஜப்பானில கியூஷூ தொழில்நுட்ப நிறுவகத்தில நிண்டு செய்தது. அதின்ர அளவும் ஒரு கிலோ மட்டில நிறை, 10 சென்ரிமீற்றர் பெட்டி. ஜிஆர்பி அல்ஃபாவின்ர அதே அளவு! பெட்டியை நாங்க ஏற்கெனவே அனுப்பிப் போட்டம். இனி அடுத்த பெட்டிக்குள்ள ஒரு பளிங்கை வையுங்கோ எண்டுதான் கேக்கிறன். கமெரா வைச்சு இலங்கையைப் படம் எடுக்கிறது நல்லது, ஆனா அந்தப் படத்தை ஆரும் எடுப்பினம். ஒரு வெடிப்பு வரேக்க எங்கட பெட்டி எண்ணின எண்ணிக்கை உலகத்தில வேற ஆரிட்டையும் இருக்காது. பல சற்றலைட் வேற வேற இடத்தில நிண்டு ஒரே வெடிப்பைப் பிடிச்சா, கதிர் ஒவ்வொண்டுக்கும் வந்து சேருற நேர வித்தியாசத்தை வைச்சே திசையைக் கணிக்கலாம், அதால சின்னக் கருவி ஒவ்வொண்டும் கணக்கில சேரும்.

காசு எங்க எண்டு கேப்பீங்கள், நானும் கேப்பன். 2022 இல ஆஸ்பத்திரியில மருந்தில்லாமல் நிண்டதைக் கண்ணால கண்டவன் நான், சனம் கஷ்டப்படேக்க சற்றலைட் எதுக்கு எண்டு ஒருத்தர் கேட்டா அது நியாயமான கேள்வி. என்ர பதில் இதுதான். எங்கட பிரிவில காமா கமெரா பழுதாகினா வெளிநாட்டில இருந்து ஆள் வரும்வரை மெசின் சும்மா கிடக்கும், கான்சர் நோயாளியள் திகதி தள்ளிப் போட்டுப் போட்டுக் காத்துக்கொண்டிருப்பினம். பளிங்கு என்ன, பின்னுக்கு இருக்கிற குழாய் என்ன, எங்க பிழை வரும், எப்பிடிச் சரி பாக்கிறது எண்டு கை வைச்சுப் படிச்ச ஆக்கள் நாட்டில மிச்சம் குறைவு. விண்வெளிக்கு ஒரு காமா உணரி செய்யிற பிள்ளையள், அதைச் சூட்டிலயும் குளிரிலயும் வைச்சுச் சோதிச்சு, இரைச்சலையும் உண்மையான கதிரையும் பிரிச்சு எடுக்கப் பழகின பிள்ளையள், நாளைக்கு மஹரகம கான்சர் ஆஸ்பத்திரியில நிக்கிற மெசினைத் திருத்துவினம். இரண்டும் ஒரே கைவேலை. நான் இதை ஒரு உணர்ச்சியில சொல்லேல்ல, இரண்டு கருவியின்ர உள்ளுக்கும் என்ன இருக்கு எண்டு தெரிஞ்சு சொல்லுறன்.

மற்றவை பாக்கினம்தானே எண்டு விட்டிடவும் ஏலாது. கொம்ப்ரனை 2000 இல கடலுக்குள்ள இறக்கிப் போட்டினம். ஸ்விஃப்ட் மெல்ல மெல்லக் கீழ இறங்கிக்கொண்டிருக்கு, அதைத் திரும்ப மேல தள்ளிவிட நாசா 2025 இல ஒரு கொம்பனிக்கு 3 கோடி டொலர் கொன்ராக்ட் குடுத்தது. பிரான்சும் சீனாவும் சேர்ந்து 2024 ஜூனில விட்ட ஸ்வொம் சற்றலைட் நல்லா வேலை செய்யுது, 2025 மார்ச் 14 இல அது பிடிச்ச வெடிப்பு, பிரபஞ்சத்துக்கு 73 கோடி வயசா இருக்கேக்க செத்த ஒரு நட்சத்திரத்தினது. பக்கத்தில இந்தியாவின்ர அஸ்ட்ரோசற் சற்றலைட், 2015 செப்ரெம்பர் 28 இல சிறிஹரிகோட்டாவில இருந்து போனது, 500 வெடிப்புக்கு மேல பிடிச்சிட்டுது, அதின்ர தரவைப் பாத்து வெடிப்புத் தேடுறதில மாணவர்களுக்கும் பங்கு இருக்கு. சிறிஹரிகோட்டா எங்களுக்கு எவ்வளவு கிட்ட. எங்கட பிள்ளையள் அங்க போய் ஒரு பருவம் நிண்டு படிக்க ஒரு வழி திறக்கச் சொல்லிக் கேக்கலாம், அதுக்குப் பளிங்குகூடத் தேவையில்ல, ஒரு லப்டொப் காணும்.

ஆகவே ஐயா, உங்களிட்டக் கேக்கிறது. இதை ஆசிரியர் தலையங்கமா ஒருக்கா எழுதுங்கோ, கொழும்பு, யாழ்ப்பாணம், மொரட்டுவ யூனிவர்சிற்றிப் பௌதிகவியல் துறைக்காரரையும் கட்டுபெத்தையில இருக்கிற கிளார்க் நிறுவனத்தையும் கூப்பிட்டு, அடுத்த சின்னச் சற்றலைட்டில ஒரு காமா உணரி வைக்கலாமா, வைக்க என்ன செலவு, ஆர் செய்யலாம் எண்டு கேட்டு அவை சொல்லுற பதிலை அப்பிடியே போடுங்கோ. ஏலாது எண்டு சொன்னாலும் ஏன் ஏலாது எண்டதைப் போடுங்கோ, காரணம் தெரிஞ்சா ஆரோ ஒரு பிள்ளை அதுக்கு வழி தேடும். கொழும்பு 7 இல இருக்கிற கோள்மண்டலத்தில தமிழில காட்சி நடக்கிற நாளுகளைப் பள்ளிக்கூடப் பக்கத்தில முன்கூட்டியே போட்டாலும் பெரிய உதவி.

மற்றது, அடுத்த முறை இப்பிடி வெடிப்புச் செய்தி ஏஜென்சியில இருந்து வரேக்க அந்த ஆறு வரிக்குள்ளயே நாலு விசயம் போடலாம்: எவ்வளவு நேரம் நீடிச்சது, எவ்வளவு தூரம், எந்தத் தொலைநோக்கி முதல்ல பிடிச்சது, எங்கட நேரப்படி எத்தினை மணிக்கு. கடைசியைக் கட்டாயம் போடுங்கோ, சர்வதேச நேரத்தோட 5 மணி 30 நிமிசத்தைக் கூட்டினாச் சரி. அந்த நேரம் தாங்கள் எங்க நிண்டனாங்கள் எண்டு வாசிக்கிற பிள்ளையள் தாங்களாகவே யோசிப்பினம். தமிழில எழுதிறதில ஏதும் சந்தேகம் எண்டா உங்கட ஆக்கள் என்னோட கதைக்கலாம், காலையில எப்ப எண்டாலும் சரி, காசு ஒண்டும் வேண்டாம், கந்தோரில என்ர இலக்கம் குடுத்திட்டு வந்திருக்கிறன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர்,
கொழும்பு 6